கோகிலவாணி போட்ட பந்தல்

"இது நான் பண்ண வேண்டிய செலவு கண்ணு. உன் காசுல கல்யாணம்னா ஊரு பேசும்," என்றார் நல்லமுத்து.

"பேசட்டுங்கப்பா. மிளகு வித்து ஊருக்கே விருந்து போட உங்களால ஆகுமா?" என்றாள் மகள் கோகிலவாணி. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்துச் சேர்த்ததையெல்லாம் அவள் கொண்டு வந்திருந்தாள்.

"அடுத்த வெள்ளாமை முடியட்டும், சாமி."

"வருசா வருசம் இதையேதான் சொல்றீங்க. இனியும் தள்ள வேண்டாமுங்க."



தை பிறந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் எழுந்தது. அரியூர் நாட்டின் மலைக்கிராமங்கள் எல்லாமே திரண்டு வந்தன. ஊர்ப் பெரியவர் தாலியை எடுத்து நல்லமுத்துவின் கையில் கொடுத்தார்.

மணையில் பட்டுச்சேலை உடுத்தித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணியின் அம்மா ஆயம்மாள். ஊருக்கு விருந்து போட்டால்தான் தாலி கட்டலாம் என்ற வழக்கத்தில், அதற்கு வழியில்லாததால் தாலி ஏறாமலே இருபது வருடங்களுக்கு மேல் நல்லமுத்துவோடு குடும்பம் நடத்தியவள். யார் வீட்டுக் கல்யாணத்திலும் ஆரத்தித் தட்டைத் தொடாமல் ஓரமாகவே நின்றவள்.

"கட்டுங்கப்பா," என்றாள் கோகிலவாணி, அம்மாவின் கூந்தலை ஒதுக்கிப் பிடித்தபடி.

முதல் முடிச்சை அவர் போட்டார். அதற்குள் கண்ணீர் பார்வையை மறைத்துவிட்டது. மற்ற இரண்டையும் மகளே போட்டாள்.