‘மோ’ வந்த வழி

“புல்லை வெட்டுறதுக்கு உங்க மொழியில என்ன சொல்லுவீங்க?”

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் புல்வெட்டும் மெஷினை நிறுத்தினார். “மோ, சார்.”

“அது எங்க வார்த்தை!” என்றார் அப்பா.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்குத் தெருவில் ‘வேர்ச்சொல் வாத்தியார்’ என்று பெயர். எந்த நாட்டுச் சொல் சிக்கினாலும் அது தமிழில் பிறந்ததென்று பெயர்சூட்டு விழா நடத்திவிட்டுத்தான் விடுவார். இன்றைக்கு அவர் மனசு குளிர வேண்டும். அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்று கேள்விப்பட்டுத்தான், பல் டாக்டர் புல்லுக்கும் வைத்தியம் பார்க்க வந்திருந்தார். தாய்மொழி இங்கிலீஷ். ஒரு வருஷமாகத் தமிழ் கற்றுக்கொள்கிறார். ஏன் என்று வாத்தியார் கேட்டதில்லை. தமிழின் பெருமை என்று நினைத்துக்கொண்டார்.

“புல்லை வெட்டினா என்ன வரும்?”

“குப்பை வரும், சார்.”

“வாசனை வரும்யா! வாசனையை என்ன செய்வோம்? மோந்து பார்ப்போம். அந்த ‘மோ’தான் கப்பலேறிப் போய் அர்த்தம் மாறிப்போச்சு.”

மகளால் வாயை அடக்க முடியவில்லை. அவளும் வாத்தியார் பெற்ற பெண்தானே. “அகராதியில வேற மாதிரி இருக்கேப்பா. ‘மோ’ அவங்களோட பழைய சொல்லாம். புல்வெளியைச் சொல்ற ‘மெடோ’வும் அதே குடும்பமாம்.”

“அகராதி எழுதினவன் என்னைக் கேட்டானா?”

“நீங்க சொன்னா சரிதான், சார்” என்றார் டாக்டர் அவசரமாக.

அப்பா பூரித்துப் போனார். “இங்கிலீஷே எங்க மொழி பெத்த பிள்ளைதான், தம்பி. சின்ன வயசுல வீட்டை விட்டு ஓடிப்போச்சு, அவ்வளவுதான். நாமெல்லாம் ஒரே ரத்தம். இனிமே சார் கீர் எல்லாம் வேண்டாம். மாமான்னே கூப்பிடுங்க.”

“சரி, மாமா.” டாக்டர் காது சிவக்க மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்.

இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது. மகள் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்த ‘மாமா’வை நிஜமாக்கிடலாமா? நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.”

“என்ன உளறுறே? அவன் யாரு, நாம யாரு?”

“ஒரே ரத்தம்னு இப்பதானே சொன்னீங்க? ‘மோ’கூட நம்ம வார்த்தைதான்னு...”

இடுப்புப் பிடிப்பு எங்கே போனதோ, அப்பா விருட்டென்று எழுந்து உள்ளே போனார். வருஷக்கணக்காகத் தொடாத அகராதியைத் தூசி தட்டி எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி விரலை ஊன்றினார்.

“நல்லாப் படி! ‘மோ’ அவங்க வார்த்தை. ‘மெடோ’ அவங்க வார்த்தை. நமக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!”