எனக்கும் குமிழி!

"கல்லீரல்ல சின்னப் புள்ளிதான். நமக்குக் குமிழி ஸ்கேன் எழுதியிருக்கார் டாக்டர். நரம்புல நுண்குமிழியை ஏத்தி, அல்ட்ராசவுண்டுல படம் எடுப்பாங்க. சி.டி. எல்லாம் சாதாரண ஜனங்களுக்கு!"

சிஞ்ச்வட் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் அச்சுதன் இப்படிப் பெருமையடித்த நாளிலிருந்து கல்யாணசுந்தரத்துக்கு வயிற்றெரிச்சல். அவர் கல்லீரலிலும் புள்ளி, அதே டாக்டர், ஆனால் அவருக்கு எழுதியது வெறும் சி.டி.!

நேராக டாக்டரிடம் போனார்.

"அந்த அச்சுதன் எங்க ஆபீஸ்ல கிளார்க். நான் சீஃப் மேனேஜர். அவனுக்குக் குமிழி, எனக்கு சி.டி.யா?"

டாக்டர் நிமிரவில்லை. "முதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

ரத்தம் கொடுத்த மறுநாள் டாக்டரே போன் செய்தார். "உங்களுக்கு சி.டி. வேண்டாம் சார். குமிழி ஸ்கேனே எடுத்துடலாம். ஏன்னா..."

காரணம் யாருக்கு வேண்டும்? போனை வைத்துவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூன்றாம் மாடியிலிருந்த அச்சுதன் வீட்டுக்கு ஓடினார்.

"அச்சுதன்! எனக்கும் குமிழிதான்!"

அச்சுதனின் முகம் சுருங்கியது. கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்தார்.

"சி.டி.க்கு ஏத்துற மருந்தைத் தாங்காதவங்களுக்குத்தான் நம்ம டாக்டர் இதை எழுதுவார். உங்களுக்கும் கிட்னி போயிடுச்சா சார்?"