ஊரெல்லாம் அலர்ட்

“சார், உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரே நிமிஷம்.”

சலூன்காரர் கேட்டபோது வாத்தியாரின் முகம் முழுக்க சோப்பு நுரை. கழுத்தில் கத்தி நிற்கும்போது யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? போர்வைக்கு அடியிலிருந்து போன் வெளியே வந்தது.

“எதுக்குப்பா?”

“ஆன்லைன்ல ஒரு சாமான் பார்த்து வெச்சிருக்கேன் சார். விலை குறைஞ்சா போன் மணியடிச்சுச் சொல்லும். அந்த அலர்ட்டை உங்க போன்லயும் போட்டுடறேன். மணியடிச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“அப்படி என்ன சாமான்?”

“அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எதிர்க்கடைக்காரன் காதுக்குப் போச்சுன்னா முந்திக்குவான்” என்றவர் குனிந்து, “சலூன் நாற்காலி” என்று கிசுகிசுத்தார்.

எதிர்க்கடை என்பது புதிதாக முளைத்த ஏசி சலூன். அங்கே நாற்காலி ஒரு மிதி மிதித்தால் உயரும், ஒரு தட்டு தட்டினால் சாயும். இங்கே இருந்த ஒரே நாற்காலியோ யாரும் தட்டாமலே சாயும். சமீபத்தில் பேங்க் மேனேஜர் ஒரு பக்கக் கிருதாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுபக்கக் கிருதாவை எதிர்க்கடையில்தான் எடுத்துக்கொண்டார். இன்னும் நாலைந்து பேர் அப்படி ரோட்டைக் கடந்தால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

வாத்தியார் போனதும், துண்டு மடித்துக்கொண்டிருந்த மனைவி பிடித்துக்கொண்டாள்.

“வர்றவங்க போனையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிப் போடறீங்களே, ஒரு போன்ல போட்டா பத்தாதா?”

“உனக்கு வியாபாரம் தெரியாது. ஒருத்தன் கேட்டா எவன் இறங்கி வருவான்? ஊரே சேர்ந்து கேட்டா இறங்கித்தானே ஆகணும்?”

“அதுக்குப் பேசாம விக்கிறவரையே பிடிச்சுக் கேக்கலாமே?”

“அவன் எந்த மூலையில உட்கார்ந்திருக்கானோ! ஆன்லைன்ல விக்கிறவன் மூஞ்சியை யாரு பார்த்தா?”

அப்போது மௌனசாமி உள்ளே வந்தார். சனிக்கிழமை தவறாமல் ஷேவிங்குக்கு வருகிறவர். வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவதால் சலூன்காரர் வைத்த பெயர் அது.

“வாங்கண்ணே. உங்க போனைக் கொஞ்சம்...”

“வீட்லயே வெச்சுட்டேன் தம்பி. இங்க வந்தா காதுக்குத்தானே வேலை?”

சலூன்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நுரையைத் தடவ ஆரம்பித்தார்.

“தம்பி, உங்ககிட்ட ஒரு விஷயம்...” என்றார் மௌனசாமி, அதிசயமாக.

“அசையாதீங்கண்ணே, கத்தி பட்டுடும்!”

அவர் வாயை மூடிக்கொண்டார், சலூன்காரர் திறந்துகொண்டார். எதிர்க்கடை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் தொடங்கிய பேச்சு, மச்சினனின் பல்வலி வரை போனது. மீசைக்குக் கத்தரி வந்தபோது மௌனசாமி மறுபடி முயன்றார்.

“மூக்கு, மூக்கு! ஆடாதீங்கண்ணே!”

“நான் எங்க தம்பி ஆடறேன்? நாற்காலிதான்...”

“உதடு, உதடு!”

முகம் துடைத்து எழுந்ததும் மூன்றாவது முறையாக வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்து, அவர் போனும் சலூன்காரரின் கைக்கு வந்துவிட்டது.

“சரி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்” என்று சிரித்துவிட்டுப் போனார் மௌனசாமி.

அடுத்த சனிக்கிழமை சலூன்காரரின் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. இறங்க வேண்டிய விலை ஏறிவிட்டது. கொஞ்சநஞ்சமல்ல, இரட்டிப்பாக. எதிர்க்கடைக்காரன்தான் மோப்பம் பிடித்துவிட்டான் என்று பதறி, காலையில் அந்த விலைக்கே வாங்கித் தொலைத்திருந்தார். எதிரே இருப்பவன் கண்ணில் படக்கூடாது என்று மச்சினன் பெயரில், மச்சினன் வீட்டு விலாசத்துக்கு. மனைவியின் வளையல் அடகுக்கடைக்குப் போயிருந்தது.

மௌனசாமி கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு வந்தார்.

“என்ன தம்பி, சத்தமே காணோம்? நல்லதாப் போச்சு, இன்னிக்கு நான் பேசறேன்!”

அவர் உட்கார, சலூன்காரர் நுரை தடவிக் கத்தியை எடுத்தார். மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டாள். “என்னண்ணே விசேஷம்?”

“மூடிப்போன கடைகள்ல மிஞ்சற சாமானை எடுத்து ஆன்லைன்ல விக்கிறதுதாம்மா என் தொழில். பிரிக்காத பெட்டி ஒண்ணு ரொம்ப நாளா குடோனை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. யாருக்காவது குடுத்துத் தொலைச்சுடலாம்னுகூட நெனச்சேன். போன சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, அதுக்கு விலை எப்போ குறையும்னு ஊரே அலர்ட் போட்டுக் காத்துக்கிட்டிருக்கு! அடேங்கப்பா, இவ்வளவு கிராக்கியான்னு விலையை ஒரேயடியா ஏத்தினேன். இன்னிக்குக் காலையில எவனோ ஒரு புண்ணியவான் வாங்கிட்டான்!”

சலூன்காரரின் கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

“என்ன... என்ன சாமான்ணே?”

“சலூன் நாற்காலிதான் தம்பி! உங்களுது இந்த ஆட்டம் ஆடுதே, பைசா வேண்டாம், சும்மாவே எடுத்துக்குங்கன்னு சொல்லத்தான் போன வாரம் வந்தேன். நீங்கதான் என்னை வாயைத் திறக்கவே விடலியே!”