சிவப்புக் கயிறு

இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. டீசல் நிரம்பியிருந்தது, பேட்டரி புதியது, சாவியும் அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் மீட்புப் படகு கிளம்பவில்லை.

காணாமல் போயிருந்தது, சாவிக்குப் பக்கத்தில் மாட்டுகிற சிவப்புச் சுருள் கயிறு. அதன் ஒரு முனை சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவர் உடம்பில். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கிவிடும், அந்த நொடியே இன்ஜின் நின்றுவிடும். கயிற்றை மாட்டாமல் சாவியை எத்தனை தரம் திருகினாலும் இன்ஜின் முனகக்கூட முனகாது.

"நேத்து இந்தப் பெட்டியிலதான் வச்சேன். எவன்டா எடுத்தது?" என்றான் படகோட்டி.

படகுத்துறையில், குழுவைச் சோதிக்க வந்த மேலதிகாரி கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். சங்கு ஊதிய எட்டு நிமிடத்துக்குள் படகு துறைமுகத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் படகு பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போய்விடும். மூன்று நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது.

படகோட்டியின் கண் மெக்கானிக் மேல் நின்றது. போன வாரம்தான் அவன், ஒரு நாளாவது தன்னை ஓட்ட விடும்படி கேட்டிருந்தான்.

"நீதான் ஒளிச்சு வச்சிருக்க. நான் ஓட்டுறது உனக்குப் பொறுக்கல."

மெக்கானிக் தன் கருவிப் பெட்டியைத் தூக்கி, படகின் தளத்தில் தலைகீழாகக் கவிழ்த்தான். ஸ்பேனர்கள் நாலா பக்கமும் உருண்டன.

"தேடிக்கோ. கிடைச்சா என்னைத் தூக்கிக் கடல்ல போடு. நான் ஜாக்கெட் போட்டிருக்கேன், மிதப்பேன். நீ உன் கதையைப் பாரு."

அப்போது வயர்லெஸ் அறையிலிருந்து படகோட்டியின் அக்கா இறங்கி வந்தாள். குழுவின் உயிர்காப்பு ஜாக்கெட்டுகளைத் தைத்துப் பராமரிப்பதும் அவள்தான். கையில் தம்பியின் ஜாக்கெட் இருந்தது. அதன் இடுப்பில் தடித்த நூலில் புதுத் தையல். அதை அவனிடம் நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல். கயிறு எங்கன்னு தேடு, போ." ஜாக்கெட்டைத் தள்ளிவிட்டான்.

அந்த ஜாக்கெட்டை அவன் போட்டதே இல்லை. கையை வீச விடாது என்பான். கயிற்றை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. போன மாதம் அலை அடித்து விழுந்தபோதுகூடக் கயிறு தன் வேலையைச் சரியாகச் செய்தது, படகு நின்றது. ஆனால் கயிறு படகைத்தான் நிறுத்தும், மனிதனை மிதக்க வைக்காது. தத்தளித்து மயங்கும் நிலைக்குப் போனவனைத் தேடித் தூக்கப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடமும் அக்கா வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் சொன்னது, கயிறு காப்பாற்றிவிட்டது என்று.

அவள் மறுபடி நீட்டினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருக்கையின் மெத்தையைப் பிய்த்து எறிந்தான். ஆறாவது நிமிடம் தொடங்கியது. மேலதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அதைப் பார்த்ததும் படகோட்டியின் குரல் உடைந்தது. விளையாடியது யாராக இருந்தாலும் தான் காலில் விழத் தயார், குழுவை நாசமாக்க வேண்டாம் என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

அக்கா படகுக்குள் இறங்கி, ஜாக்கெட்டை அவன் நெஞ்சில் அறைகிற மாதிரி வைத்தாள். அதன் உட்பக்கத்திலிருந்து சிவப்பாக ஒன்று சுருள் பிரிந்து தொங்கியது.

"ரெண்டு தடவை நீட்டினேன், நீ வாங்கல" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "கயித்தை இதோட சேர்த்துத் தைச்சிட்டேன்டா. இனிமே நீ ஜாக்கெட் போட்டாதான் படகு கிளம்பும்."