கண்ணாடிச் சீர்

"உள்ள போயி நின்னு பாருங்க சார்."

அவன் நகரவில்லை.

கடைக்காரர் கண்ணாடிக் கதவை உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஈரோட்டில் குளியலறைச் சாமான்களுக்கென்றே இத்தனை பெரிய கடை இருப்பது அவனுக்கு இன்றுதான் தெரியும். திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஷவர், தண்ணீர் இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவி அவனைப் பார்த்தாள்.

போனான். கதவு மூடிக்கொண்டது.

குளிக்கிற கூண்டைப் பார்த்துப் பயப்படுகிறவனை ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். போன வாரம் வாடகை வீட்டுக் குளியலறையில் கண் விழித்தபோது அவன் கன்னம் ஈரத்தரையில் கிடந்தது. வாயெல்லாம் ரத்தம். அது ஊருக்குத் தெரியாது.

வலிப்பு.

கல்லூரி நாட்களோடு ஒழிந்தது என்று இருந்தான். மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள். பெண் பார்க்கக் கிளம்பும்போது வண்டியில் வைத்தே சொல்லிவிட்டாள்.

"போன சீக்கு போனதாவே இருக்கட்டும். வாயத் தொறந்துராத."

பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். வலிப்புக்கென்று ஜாதகத்தில் கட்டம் எதுவும் கிடையாது. அவனும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அது திரும்பி வந்துவிட்டது.

நல்லவேளை, அன்றைக்கு அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாக்கு வீங்கியதற்கு முறுக்கின் மேல் பழியைப் போட்டான். பார்த்துத் தின்னக் கூடாதா என்று திட்டிவிட்டு மோர் கலக்கிக் கொடுத்தாள். தப்பித்தோம் என்று குடித்தான்.

தப்பிக்க விடவில்லை அவள் அண்ணன்.

புது வீட்டுக்குத் தங்கை குடிபோகிறாள். ஓட்டலில் இருப்பது போல ஒரு கண்ணாடிக் குளியலறை, அதுதான் அவருடைய சீர். "ஒரு திரை தொங்க விட்டாப் போதாதுங்களா மச்சான்?" என்று அவன் கேட்டுப் பார்த்தான். "ஆஸ்பத்திரியாட்ட இருக்குமுங்க மாப்ள" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் மாமியாரின் முகம் சுண்டிப்போனது.

பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

ஏன் என்பதற்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. சீக்கை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று ஊரைக் கூட்டுவார்கள். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவளும் ஏறிவிடுவாள்.

விழுவதைவிட அதுதான் அவனுக்குப் பெரிய பயம்.

கடைக்காரர் சாவிக்கொத்தால் வெளியே இருந்து தட்டினார்.

"பதம் பண்ணுன கண்ணாடிங்க. லேசுல ஒடையாது. அப்படியே ஒடைஞ்சாலும் கல்கண்டாட்ட உதுருமே ஒழிய, ஆளக் கிழிக்காது."

அவன் தன் நெற்றி அதில் மோதுவதை மனசுக்குள் பார்த்தான். மேலே இருந்து கண்ணாடி உதிர்வதைப் பார்த்தான். கைக்கு எட்டுகிற உயரத்தில் குழாயின் முனை கூராக நீட்டிக்கொண்டிருந்தது.

இடது கட்டைவிரல் துடித்தது.

எப்போதும் அதுதான் முதலில் துடிக்கும்.

கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். இங்கே வேண்டாம். இவள் கண் முன்னால் வேண்டாம். அம்மா பொங்கல் வைத்த சாமியை அவசர அவசரமாகக் கூப்பிட்டான். கழுத்தில் வியர்வை இறங்கியது.

விரல் பைக்குள்ளேயே இன்னும் இரண்டு தரம் வெட்டி இழுத்தது. பிறகு அடங்கியது.

மூச்சு விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

அவள் அவனுடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன பாத்ரூமுக்கு இதுதான் தோதுங்க" என்றார் கடைக்காரர். "கதவு உள்ள தொறக்கறதால வெளிய தண்ணி சொட்டாது."

"இது வேண்டாங்ணா. வெளிப்பக்கமாத் தொறக்கறது காட்டுங்க."

அவள் குரல் கண்ணாடிக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அது தரையெல்லாம் ஈரம் பண்ணிருமுங்களே."

"பண்ணுனா தொடச்சுக்கறேன்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். வாங்க வந்தவர்கள் வழுக்கல், அழுக்கு, உப்புக்கறை என்று கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

அவள் உள்ளங்கையைக் கதவில் வைத்துத் தள்ளினாள். அது அவன் கால் விரலில் இடித்து நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கதவு அசையவில்லை.

"பாருங்க. உள்ள ஒருத்தரு கதவோரமா உழுந்து கெடந்தா இப்படித்தான். எத்தன தள்ளுனாலும் தொறக்க மாட்டீங்குது."

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊட்டுல வயசானவங்க இருக்கறாங்களாங்க?"

"இல்லீங்ணா. நாங்க ரெண்டு பேருதான்."

அவன் பொய் ஒன்று தேடினான். ஒரு முறுக்குகூட அகப்படவில்லை.

கதவு திறக்க வேண்டுமானால் அவன் ஓரடி பின்னால் நகர வேண்டும்.

அவள் கையை எடுக்காமல் நின்றாள்.