விடுப்புக்காரன்

“அந்த வீட்டில கைக்குழந்தை கத்திக்கொண்டே கிடக்குது. தாய் தூக்கிறதே இல்லை.”

“நீங்கள் ஆர் கதைக்கிறது?”

“பேர் வேண்டாம் மிஸ். ஆரையாவது கெதியா அனுப்புங்கோ.”

நேற்றுத் தொலைபேசியில் கிசுகிசுத்த அந்த ஆண்குரலை நினைத்தபடி, குழந்தைகள் நலப் பணியாளர் யூஜினி கனடாவின் ஸ்காபரோவில் அந்த அப்பார்ட்மென்ட் கதவைத் தட்டினாள்.

“அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற எந்த விடுப்புக்காரன் உங்களுக்கு அறிவிச்சவன்? எங்கட வீட்டு விசயம் அவனுக்கென்னத்துக்கு?” என்று சீறினான் கதவைத் திறந்த ஜெனோசன்.

“பிள்ளையைப் பறிக்க வரேல்லை தம்பி.”

அவன் மனைவி அட்சயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டபோதும் திரும்பவில்லை. யூஜினி குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அருகில் அமர்ந்தாள்.

“வடிவா நித்திரை கொள்ளுறீங்களோ, அம்மா?”

அட்சயாவின் கண்கள் நிறைந்தன.

நெடுநேரம் இருந்துவிட்டு யூஜினி புறப்பட்டபோது, ஜெனோசன் லிஃப்ட் வரை கூடவே வந்தான்.

“அக்கா, அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. போன் எடுத்தது நான்தான்.”

“பிறகேன் என்னோட சண்டை பிடிச்சனீங்கள்?”

“நான் காட்டிக்குடுத்தனெண்டு தெரிஞ்சால் உடைஞ்சு போவாள். பிள்ளை பிறந்ததிலயிருந்து இப்பிடித்தான். சொந்தக்காரரிட்டச் சொன்னால், ஊரில ஒருத்தரும் பிள்ளை பெறேல்லையோ எண்டு சிரிக்கினம்.”

லிஃப்ட் திறந்தது. அவன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டான். மாதக்கணக்காக யாரிடமும் கேட்க முடியாதது அப்போதுதான் வாய்விட்டு வந்தது.

“எனக்குத் தனிய ஏலாதக்கா. அவளைச் சுகப்படுத்தித் தாங்கோ.”