களவுபோன நீலம்

“மீட்டர் பொய் சொல்லும்மா, என் கண்ணு சொல்லாது. இது நீலமே இல்ல, பச்சையடிக்குது. வெளிச்சமும் பாதியக் காணோம்!”

பேராசிரியர் மேசைமேல் இருந்த கண்ணாடிச் சில்லை முறைத்தார். அதில் ஆய்வு மாணவி பூசியிருந்த பெரோவ்ஸ்கைட் என்னும் ஒளிரும் படிகப் படலம் அமைதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“நாலு தடவை அளந்துட்டேன் சார். நிறமும் மாறல, செயல்திறனும் குறையல.”

“நிறம் மாறுறது இந்தப் பொருளோட பிறவிக்குணம். எனக்கே கதை சொல்றியா? உள்ளே பிறந்த வெளிச்சம் ஏதோ ஒரு அடுக்குல மாட்டிக்கிட்டு நிக்குது. எந்த அடுக்குன்னு கண்டுபிடிச்சுட்டு வா. அப்புறம்தான் ஆய்வேட்டுல கையெழுத்து.”

இந்த வாரத்துக்குள் கையெழுத்து கிடைக்காவிட்டால் அவளுக்கு வந்திருக்கும் வேலை கைநழுவிப் போகும். அது தெரிந்தும் அவர் மசியவில்லை. எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். போன வாரம்கூட, புது பல்பு மங்கல் என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றுவிட்டு வந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலையில் அவள் படிக்கட்டோரம் கைப்பேசியில் கிசுகிசுத்தது அவர் காதில் விழுந்தது.

“ஆமாக்கா, அவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரல. நாளைக்கே கொடுத்துடறேன்.”

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்களைத் திருத்த ஆள் பிடித்துவிட்டாள்! கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டார்.

மறுநாள் அவள் சின்ன விளக்கு ஒன்றை ஏற்றிக் காட்டினாள்.

“இது எப்படி சார்?”

“அதே பச்சை, அதே மங்கல். ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

“இது நான் செஞ்சது இல்ல சார். கடையில வாங்கின நீல விளக்கு.”

“அப்போ கடைக்காரனும் ஃப்ராடு!”

அவள் பையைத் திறந்தாள். “வெளிச்சம் மாட்டிக்கிற அடுக்கைக் கண்டுபிடிச்சாச்சு சார்” என்று ஒரு உறையை நீட்டினாள்.

வகையாக மாட்டிக்கொண்டாள் என்று வெடுக்கென்று பிரித்தார். உள்ளே கண் மருத்துவமனைச் சீட்டு ஒன்று, அவர் பெயரில். அதன் பின்புறம் அவர் மனைவியின் கையெழுத்து:

“உங்கள் கண்ணில்தான் புரை விழுந்திருக்கிறது என்று நினைக்கிறோம். நாளை காலை பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குக் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.”